ஐந்தாவது தண்டு

ஆகஸ்டின் கடைசி ஞாயிறு. தோட்டவீட்டு மரப்படியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மாஸ்கோவுக்குப் போகும் ரயில் தொலைவில் ஊதுகிறது. நாளை ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் உல்யானா, மே மாதம் தன் கையால் நட்ட கிழங்கிலிருந்து வளர்ந்த கிளாடியோலஸ் பூந்தண்டை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். அதில் ஒரு மொட்டுகூட விரியவில்லை. டீச்சருக்கென்று அப்பா வெட்டிவந்த சிவப்புப் பூந்தண்டுகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மா ஸோயாவின் கை சட்டென்று நிற்கிறது.

“நாலா? ஜோடி ஜோடியா வைக்கறது சாவுக்குங்க! டீச்சருக்கு ஒத்தைப்படையாத்தான் வேணும்.”

“ஒண்ணை உருவிடு, தீர்ந்துச்சு,” என்கிறார் அப்பா, வாளியைக் கவிழ்த்தபடி.

“உருவ வேணாம். இதைச் சேருங்க.” உல்யானா பச்சைத் தண்டை நீட்டுகிறாள். நீட்டிய கை இறங்கவேயில்லை.

“அது வெறும் குச்சிடி செல்லம். நாளைக்குள்ள எப்படிப் பூக்கும்?” என்கிறாள் ஸோயா.

“பூக்கும்.”

“பூக்கலேன்னா?”

“டீச்சர் வீட்டுல பூக்கும்.”

ரயில் மறுபடி ஊதுகிறது. ஸோயா சுற்றிய துணியைப் பிரிக்கிறாள்; பச்சைத் தண்டை வாங்கி, நான்கு சிவப்புக்கும் நட்டநடுவில் வைத்து, இறுக்கிக் கட்டுகிறாள்.