இழுப்பு என்றொரு பெயர்

கபடி நடுவர் ரெஜினாவின் தோள்பையில் ஒரு விசிலும் ஒரு மின் இன்ஹேலரும் குடியிருந்தன. இன்ஹேலரைக் கையில் எடுத்ததும் அதன் பச்சை விளக்கு எரியும். அவள் மூச்சை இழுக்க, மருந்து அளவு பிசகாமல் பனித்தூவலாக நெஞ்சுக்குள் போகும்.

"ஐயோ, இழுப்பு வந்துடுச்சே" என்று சொல்லிக்கொண்டேதான் அவள் எப்போதும் அதைத் தேடுவாள். அதனால் இழுப்பு என்பதே தன் பெயர் என்று அது நம்பியிருந்தது. அவள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டாளா என்று நாளெல்லாம் ஏங்கும்.

வெகுநாளாக அவள் கூப்பிடவில்லை. ஒரு மாலை ஆட்டக்காரி ஒருத்தி கேட்டாள்: "இழுப்பு எப்படிக்கா இருக்கு?"

இன்ஹேலர் காதைத் தீட்டிக்கொண்டது.

"அந்தச் சனியனா? இந்தப் பக்கமே வரலடி. இனிமேலும் வர வேண்டாம்" என்று ரெஜினா சிரித்தாள்.

"நான் என்னப்பா தப்பு செஞ்சேன்?" என்று இன்ஹேலர் விசிலிடம் கேட்டது.

விசில் விழுந்து விழுந்து சிரித்தது. "அட மக்கு! அது அவங்க நோயோட பேரு. உன்னை யாரு திட்டினா?"

"அப்போ என் பேரு?"

அதற்குள் பையின் ஜிப் திறந்தது. விரல்கள் மேலே பட்டதும் இன்ஹேலரின் விளக்கு ஆசையாக எரிந்தது. விரல்களோ அதை ஒதுக்கிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு போயின.

மைதானத்திலிருந்து விசில் சத்தம் நீளமாக வந்தது. அளக்க மட்டுமே தெரிந்த இன்ஹேலர், அதை ஊதும் ரெஜினாவின் மூச்சை அளந்து பார்த்தது. எங்கும் அறுபடவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊதுக்கா" என்று பைக்குள் சொல்லிக்கொண்டே, அது தன் விளக்கை மெல்ல அணைத்தது.