செம்பைக் கழற்றும் மருந்து

“பெல்ட்டக் கழட்டுங்க மாப்ளே. அந்தப் பேனாக்கத்தியையும் கொண்டாங்க.”

பால்சாமி கழற்றிக் கொடுத்தான். உக்கிரபாண்டி வாங்கிக்கொண்டு, கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்து, துணி காயப்போடும் கொடிக்கயிற்றையும் அறுத்துச் சுருட்டிக்கொண்டார். ஜெயிலில்கூட இத்தனை சோதனை இருக்காது. இத்தனைக்கும் அவர் போலீஸ்காரர் இல்லை, பால்சாமியின் தாய்மாமன். நாளை மறுநாள் மாமனாராகப் போகிறவர்.

போடிமெட்டுக்குப் போகும் வழியில் மாமாவின் ஏலக்காய்த் தோட்டமும் வீடும். அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி ஓர் அறை. ஜன்னல் என்று பெயருக்கு ஓர் ஓட்டை. சொந்த ஊரான சிலமலையில் வைத்திருந்தால் பஸ் ஏறிவிடுவான் என்று மலைமேல் கொண்டுவந்து பூட்டியிருந்தார்கள்.

எல்லாம் ஒரு பாட்டிலால் வந்த வினை. எண்பத்திரண்டு ஆவணியில் “அம்மா சீரியஸ்” என்று தந்தி போனதும், பெங்களூர் ஆராய்ச்சியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான் பால்சாமி. வந்து பார்த்தால் அம்மா கல்யாணத்துக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். மாமன் மகள் செல்லக்கிளியைக் கட்ட மாட்டேன் என்று அவன் குதித்த அன்றே, துவைக்கத் துணி எடுக்க அவன் பையைத் திறந்த அம்மா கையில் மண்டையோடு போட்ட பாட்டில் சிக்கியது. சயனைடு. ஆராய்ச்சிக்காக, மதுரையில் பஸ் மாறும்போது கல்லூரி நண்பனிடம் கேட்டு வாங்கி வந்தது.

“அது சாகுறதுக்கு இல்ல மாமா. செம்பக் கழட்டுற மருந்து,” என்று நூறாவது தடவையாகச் சொன்னான்.

“செம்புக்குப் புளியப் போட்டுத் தேச்சாப் போதும் மாப்ளே. யாருக்குக் காது குத்துறீக?”

“சரி, அந்தப் பாட்டில் எங்க?”

“ஒங்க பையோட பீரோவுல பத்திரமா இருக்கு. தாலியக் கட்டிட்டு வாங்கிக்கிடுங்க.”

கதவு சாத்தியது. பூட்டு விழுந்தது.

பால்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருஷ உழைப்பு பெங்களூரில் ஒரு குடுவைக்குள் கிடக்கிறது. கடைசி ஒரு படிதான் பாக்கி. அதற்குள் வெளிநாட்டுக்காரன் எவனாவது முந்திக்கொண்டால் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். மாமாவோ தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் மாப்பிள்ளை தேடினார். தாலி ஏறிவிட்டால் ஆயுசுக்கும் ஏலக்காய் மூட்டைதான்.

மதியம் சோறு கொண்டுவந்தவள் செல்லக்கிளி. வைத்துவிட்டுப் போகாமல் கதவருகே நின்றாள்.

“நெசமாவே அது எதுக்கு மச்சான்?”

கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் பால்சாமி கொட்டித் தீர்த்துவிட்டான். “கண்ணுக்குத் தெரியாத ரெண்டு வளையம் கிளி. சங்கிலிக் கண்ணி கணக்கா ஒண்ணுக்குள்ள ஒண்ணக் கோக்கணும். நடுவுல ஒரு செம்பு அணுவ வச்சாத்தான் ரெண்டும் கிட்ட வரும். கோத்து முடிச்சதும் செம்ப வெளிய எடுத்துறணும். அதுக்குத்தான் சயனைடு.”

“செம்ப எடுத்துட்டா ரெண்டும் வெலகிப் போயிருமா?” அவள் ஆவலாகக் கேட்டாள்.

“போகாது. கோத்தது கோத்ததுதான். ஒடச்சாத்தான் பிரியும்.”

அவள் முகம் வாடிவிட்டது. வெளியே போய்ப் பூட்டினாள்.

சற்று நேரத்தில் மறுபடியும் பூட்டு திறந்தது. செல்லக்கிளிதான், கையில் அவன் பை.

“அப்பா கீழத் தோட்டத்துக்குப் போயிருக்காரு. ஆளுக எறங்குற ஜீப்பு வர்ற நேரம். வெரசாப் போங்க மச்சான். திரும்பிப் பாக்காதீக.”

“நீ என்ன செய்வ?”

“என் சோலிய நான் பாத்துக்கிறேன்.”

தனக்காக இப்படி ஒரு தியாகமா! கும்பிடாத குறையாக ஓடினான்.

தோட்டத்து வேலையாட்களோடு நெருக்கியடித்து ஜீப்பில் தொற்றிக்கொண்டான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான் பையைத் துழாவினான். சட்டை இருந்தது, நோட்டு இருந்தது. பாட்டில் இல்லை.

பையோடு வைத்திருப்பதாக மாமா சொன்னாரே! பீரோவைத் திறந்தவள் செல்லக்கிளி. பிரியாது என்றதும் வாடிப்போன அந்த முகம்... என் சோலிய நான் பாத்துக்கிறேன் என்றாளே... டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“அண்ணே, நிறுத்துங்க!”

“எறங்கிட்டா இன்னைக்கு வேற வண்டி கெடையாது தம்பி.”

ஆராய்ச்சியாவது மண்ணாவது. குதித்தான். மேட்டைப் பார்த்து ஓடினான். ஏலச்செடிகளுக்குள் குறுக்கே புகுந்து, விழுந்து எழுந்து, காலில் அட்டை கடித்ததுகூடத் தெரியாமல் ஓடினான். “சாமி, அவளுக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாது. நான் இங்கேயே கெடந்து மூட்டை சொமக்குறேன்” என்று வாய்விட்டுப் புலம்பினான்.

வீட்டுக்குள் பாய்ந்தபோது, செல்லக்கிளி கல்யாணப் புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஏதோ பாட்டு வேறு.

“கிளி... பாட்டில... குடிச்சிட்டியா?”

“எந்தப் பாட்டில? அத அப்பா அன்னைக்கே குழி தோண்டிப் பொதச்சுட்டாரே!”

பால்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். செத்துப் பிழைத்தது அவனா அவளா என்றே அவனுக்குப் புரியவில்லை. அதற்குள் வாசலில் உக்கிரபாண்டியின் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது.

“அடேய், மாப்ளே தானா திரும்பி ஓடியாந்துட்டாருடா! எம்மக மேல உசுரு! இனிமே பூட்டே வேணாம்!”

செல்லக்கிளி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏன் மச்சான் திரும்பி வந்து தொலைச்சீக? இந்தக் கல்யாணத்துலருந்து நான் தப்பிக்கத்தானே பூட்டத் தெறந்தேன்!”