கூரைத் துணி

அமிர்தவல்லியின் கணவர் அந்த இரண்டு கதவுப் பழைய காரைப் பதினோரு வருடம் இழைத்து, புதிதாக வாங்கிய நாளின் கோலத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அவளை ஒருமுறைகூட அதில் ஏற்றியதில்லை. "எண்ணெய்த் தலை. உள்ள கூரைத் துணியில பட்டா கறை போகாதுடி" என்பார். அவர் போன பிறகு வண்டி அவள் பெயருக்கு வந்தது.

மகன் நந்தகோபால் அதை ஹாட் ராடாக, பழைய காரை வெட்டிச் செய்யும் பந்தய வண்டியாக, மாற்ற ஆசைப்பட்டான். மட்கார்டுகளைக் கழற்ற வேண்டும், எஞ்சின் வெளியே தெரிய வேண்டும், கூரையை நான்கு அங்குலம் அறுத்துத் தாழ்த்த வேண்டும். "கையெழுத்துப் போடும்மா. முதல் சவாரி உனக்குத்தான், கடற்கரை வரைக்கும்" என்றான். போட்டாள்.

பட்டறையில் டிங்கர் தாஸ் அவனை இருக்கையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டுச் சாக்பீஸால் கோடு இழுத்தார். "பக்கத்துல யாரு தம்பி உட்காருவா? அவங்களையும் கூட்டிட்டு வா, அளந்துட்டு அறுப்போம்."

"அம்மாதான். என்னைவிட உசரம். பரவால்லண்ணே, அவங்க குனிஞ்சுக்குவாங்க."

முதல் சவாரியன்று அமிர்தவல்லி சீயக்காய் போட்டு இரண்டு முறை தலையை அலசினாள். கூந்தல் நன்றாக உலர்ந்த பிறகே வண்டியில் ஏறினாள். கூரை உச்சந்தலையை அழுத்தியது. கழுத்தை மடக்கி உட்கார்ந்ததும் தன் முழங்கால்கள் மட்டும் தெரிந்தன. வழியெல்லாம் ஆட்கள் நின்று வண்டியைப் பார்த்ததை மகன் சொல்லிக்கொண்டே வந்தான்.

கடற்கரையில் நிறுத்தினான். "கடல் தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா" என்றாள், முழங்கால்களைப் பார்த்தபடி.

அவன் அவள் பக்கம் எட்டி, தலைக்கு மேலிருந்த கூரைத் துணியைத் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.