தகரத்தில் கொத்திய மரங்கொத்தி

மரங்கொத்திக்குப் பிழைப்பு வேப்பமரத்தில். ஆசை மட்டும் மூடிக்கிடந்த ஆலையின் தகரக் கூரைமேல். ஏழு வருஷம் கழித்து அது மறுபடியும் கூரைக்கு வந்ததும், அந்தச் சத்தத்தை ஒருநாளும் கேட்டிராத அணில் ஓடிவந்து காதைத் தீட்டிக்கொண்டது.

டொக், டொக் என்று நாலு தட்டு விழுந்தது.

"பழைய முரட்டுத்தனம் எங்கே போச்சு?" என்று காகம் அலுத்துக்கொண்டது.

"போடா, இதுதான்டா உச்சம்!" என்று மைனா சண்டைக்குப் போனது.

அணிலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மரங்கொத்தியிடமே போய், "அண்ணே, நீங்க சொல்லுங்க, அந்தக் காலத்துத் தட்டா, இப்போ தட்டினதா, எது நல்லாயிருக்கு?" என்று கேட்டது.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே தம்பி. துருவைத்தான் தட்டிவிட்டேன்" என்ற மரங்கொத்தி, கூரை அதிர அடிக்கத் தொடங்கியது. அணிலுக்கு வால் சிலிர்த்தது.

காகம் உதட்டைப் பிதுக்காத குறைதான்: "என்ன இருந்தாலும், அந்தத் துரு தட்டினது மாதிரி வராது."