பிள்ளைக்குச் சுகமில்லை

"நல்லா இருந்த பிள்ளைக்குப் பேதி மருந்து குடுத்து, நோயின்னு சொல்லி ஆஸ்பத்திரியில கெடத்தியிருக்கா, பெத்தவ! குற்றம் நிரூபணமாயாச்சாம். பதினோரு மணிக்கு வஞ்சியூர் கோர்ட்டுல தண்டனை" என்று பேப்பரை மேசைமேல் எறிந்தாள் டைப்பிஸ்ட் ரத்னாபாய்.

"தூக்குல போடணும், அக்கா!" என்று எழுந்தான் குமாஸ்தா சத்தியநேசன். "காய்ச்சல்ல கெடக்குற பிள்ளையத் தோள்ல போட்டு நடந்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். பிள்ளைக்கு இல்லாத நோயச் சொல்லி ஊர ஏமாத்துவாளா ஒருத்தி? அவ மூஞ்சியப் பாக்கணும்!"

ஆபீஸே ஆமாம் என்றது.

பத்தரைக்குள் சூப்பிரண்டு யோசுவாவின் மேசையில் ஏழு அரைநாள் லீவு விண்ணப்பங்கள். ஏழிலும் ஒரே காரணம்: 'குழந்தைக்குக் கடும் காய்ச்சல்.'

அவர் ஆறில் கையெழுத்துப் போட்டார். ஏழாவதைக் கையில் எடுத்ததும் பேனா நின்றது.

"சத்தியநேசன், இங்க வாரும்."

"வேகம் கையெழுத்துப் போடணும் சார், கேட்டோ. பிள்ளை அனலாக் கொதிக்குது."

"கொதிக்கட்டும் வேய். உமக்குக் கல்யாணம் நடக்கப் போகுதுன்னு நேத்துதானே சர்ச்சுல முதல் ஓலை வாசிச்சாங்க?"