வெடித்த கண்ணி

"அண்ணை, உங்கடை மோட்டச்சைக்கிளிலை செயின் மிச்சம் கிடக்கே?" என்று கேட்டுக்கொண்டேதான் யாகோப்பு படலையைத் திறந்தான்.

"கிடக்கு. முதல் வந்து இரும்," என்றார் இளையதம்பி.

கோப்பாயில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். அந்தக் குருநகர்க் கருவாட்டு வியாபாரி இவருடைய மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறான்! உலக யுத்தம் வந்து கப்பலில் சாமான் வருவது நின்றபின், குடாநாட்டில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் தங்களுக்குள்ளேயே பண்டமாற்றுச் செய்து சமாளித்தார்கள். ஒருவர் ரியூப் கொடுத்தால் மற்றவர் பிளக் கொடுப்பார். யாகோப்பு மட்டும் ஒரு பொட்டலம் கருவாட்டை நீட்டிவிட்டுக் கேட்டதையெல்லாம் வாங்கிப் போனான்.

இளையதம்பிக்கு அது தெரியாமல் இல்லை. முழங்கால் மடங்க மறுத்த நாளிலிருந்து அவர் வண்டியில் ஏறியதில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மலாயாவில் கட்டிக் கொடுத்த மகளிடமிருந்து, அங்கே யப்பான்காரன் இறங்கியபின் ஒரு சொல்கூட வரவில்லை. கிழமை முழுவதிலும் அவரோடு இருந்து கதைக்கிற ஒரே மனிதன் யாகோப்புத்தான்.

நெல்லியடிப் புடைவைக் கடைக்காரர் காபரேற்றர் கேட்டு வந்தபோது, "இல்லை" என்று சொல்லி அனுப்பினார். அதையே அடுத்த ஞாயிறு யாகோப்புக்குக் கழற்றிக் கொடுத்தார்.

ஒரு சாமானைக் கழற்ற எவ்வளவு நேரம் வேண்டும்? இருவருமாக அதை மத்தியானம் வரை இழுப்பார்கள். தொண்டைமானாற்று மணலில் சில்லுப் புதைந்து, கோயில் நேர்த்திக்கடனுக்கு வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளிவிட்ட கதையை யாகோப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வான். இளையதம்பி முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பார்.

வெள்ளைச் சட்டையும் கறை படாத விரல்களுமாக பஸ்ஸில்தான் வருவான். "பூசை முடிய அப்பிடியே வாறன். என்ரை வண்டி வீட்டிலை கழட்டினபடி கிடக்கு," என்பான்.

அன்றைக்கு இளையதம்பி பயந்து பயந்து கேட்டார்: "இந்தச் செயினோடை உம்மடை வேலை முடிஞ்சுதோ?"

யாகோப்பு வண்டி நின்ற கொட்டிலுக்குள் பார்த்தான். சட்டமும் பெற்றோல் தாங்கியும் தவிர அங்கே சொல்லும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. "ஓம் அண்ணை. இனிக் கேக்க ஒண்டுமில்லை."

இளையதம்பி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். அதில் இரண்டு செயின் கிடந்தன. ஒன்று நல்லது, மற்றதில் ஒரு கண்ணி கீறல் விழுந்து வெடித்திருந்தது. வெடித்ததைத்தான் அவர் எடுத்தார். எண்ணெய் பூசி, கடதாசியில் சுற்றி, சணலால் கட்டினார். கொஞ்சநாளில் அறும். அறுந்தால் திரும்பி வருவான்.

"பூட்டிப்போட்டு வாற ஞாயிறு வண்டியிலையே வாரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம்!" என்றார் கொடுக்கும்போது.

"ஓம்... ஓம்," என்றான் யாகோப்பு. அவன் முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை.

அந்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இருவருக்குமாகச் சமைத்த சோறு பானையிலேயே ஆறியது.

பிறகு ஒருநாள் சந்தையில் காய்கறி விற்கிற பெண் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. "இருபாலைப் பக்கம் மோட்டச்சைக்கிளிலை வந்த ஆரோ விழுந்து, தலையெல்லாம் ரத்தமாம். பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டினம்."

வாங்கிய கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு இளையதம்பி காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு விரைந்தார். நல்ல செயினை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் அந்த வெடித்த கண்ணிதான் கண்ணுக்குள் நின்றது. அறுந்த செயின் பின்சில்லில் சிக்கினால் என்ன நடக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தப் பகுதியில் அதிகம் பேர் இல்லை.

விழுந்தது அவனாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, ஆசுப்பத்திரிக்குப் போகுமுன் குருநகர் மாதா கோயிலடியில் விசாரித்து அவன் வீட்டைப் பிடித்தார். முற்றத்தில் பாயை விரித்து யாகோப்பு கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

இளையதம்பி அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணை! என்ன இது, இந்தக் காலோடை?" யாகோப்பு பதறி எழுந்தான்.

"உமக்குத் தந்த செயினிலை ஒரு கண்ணி வெடிச்சது. தெரிஞ்சுதான் தந்தனான்," என்றார் அவர். மடியை அவிழ்த்து நல்ல செயினை நீட்டினார். "வேலை முடிஞ்சால் நீர் பிறகு வரமாட்டீர் எண்டுதான்... வண்டி எங்கை? இப்பவே மாத்திப்போடுவம்."

யாகோப்பு திரும்பவும் கருவாட்டுப் பாயில் குந்தினான். இளையதம்பி சுற்றிப் பார்த்தார். வேலியோரம் கழுவிக் கவிழ்த்த ஒரு கோப்பை, ஒரு கிண்ணம். வேறு ஆட்கள் இருக்கிற அறிகுறி இல்லை. வண்டியும் இல்லை.

"நீங்கள் தந்த சாமானெல்லாம் கட்டு அவிழ்க்காமல் அறைக்குள்ளை கிடக்கு," என்றான் யாகோப்பு, கருவாட்டைப் பார்த்தபடி.

இளையதம்பிக்கு விளங்கவில்லை.

"மோட்டச்சைக்கிளை வித்து வருசம் ஒண்டாச்சு, அண்ணை. சும்மா வர வெக்கமாக் கிடந்துது."