மூட்டுத் தைலம்

தொட்டில் மறுபடியும் வந்தது.

தேக்குத் தொட்டில் விளம்பரம். மேலே துணிக் குருவிகள் தொங்கின. தோசைக்கல் காய்வதற்குள் ஒரு பார்வை பார்க்கலாமென்று போனை எடுத்தவளுக்கு இதுதான் கிடைத்தது.

'இதைக் காட்ட வேண்டாம்' என்று அழுத்தினாள். நேற்றும் அழுத்தினாள். தொட்டில் போய் மசக்கைக்கு இஞ்சி மிட்டாய் வந்தது. அதையும் அழுத்தினால் கர்ப்பிணிகளுக்கான நைட்டி.

கல்யாணமாகி ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிறவளிடம் விற்கிற பொருளா இது? கொழுப்புதானே!

அப்போதுதான் மூட்டுத் தைலம் நினைவுக்கு வந்தது.

போன மாதம் மாமியாருக்கு முழங்கால் வலி. தன் போனில் என்னவோ தேடினார். மறுநாளே வீட்டில் எல்லார் போனிலும் மூட்டுத் தைலம். கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் புருஷன்தான் விளக்கினான்.

"ஒரே வைஃபை தானே? ஊட்டுல ஒருத்தர் தேடுனா எல்லார்த்துக்கும் வரும்."

இந்த விளம்பரமெல்லாம் வரும் செயலியைப் போட்ட அன்றே பக்கம் பக்கமாக எழுதிக் காட்டியிருந்தார்களாம். என்னென்ன எடுத்துக்கொள்வோம், யாரை யாரோடு சேர்த்துப் பார்ப்போம் என்று. யார் படித்தது? அவள் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது 'சம்மதம்' என்று அழுத்தியவள்.

அப்படியானால் இந்த வீட்டில் தொட்டில் தேடுவது யார்?

மாமியாராக இருக்க முடியாது.

தாரணி. கொழுந்தன் பெண்டாட்டி. போன தையில் வந்தவள்.

அவளுக்கு எரிச்சல் மூண்டது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க அவளுக்குத் தெம்பில்லை.

எல்லாம் இப்போது புரிந்தது. தாரணி காபியைத் தொடாமல் மூடி வைத்தது. மாமியார் முந்தானைக்குள் மாதுளம்பழம் கொண்டுபோனது. மாமியாருக்குத் தெரியும். கொழுந்தனுக்குத் தெரியும். தன் புருஷனுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. சரி, எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

ஆனால் இவள் வெளியாளா?

கண் பட்டுவிடும் என்று பயந்திருக்கிறார்கள். இவள் கண்.

அதிலும் அவசரத்தைப் பாரேன்! பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டிலை யாராவது ஏறெடுத்துப் பார்ப்பார்களா?

கூடத்தில் காங்கேயத்து நாத்தனார் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் சொந்தபந்தம் முழுக்க அறிந்துவிடும். 'எனக்கு என்னென்னமோ வருது பாருங்க' என்று சிரித்துக்கொண்டே நீட்டினால் போதும். போன் காட்டியது, இவள் என்ன செய்வாள்?

"அண்ணி, உங்களுக்கு ஒண்ணு காட்டோணும்" என்று குரல் கொடுத்துவிட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், சட்னிக் கிண்ணத்தோடு தாரணி நிற்கிறாள். பார்வை போனில் இருந்தது. திரையில் மறுபடி வந்த தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

நடுங்கட்டும் என்று இவள் போனை மறைக்காமல் பிடித்தாள்.

தாரணி நடுங்கவில்லை. கிண்ணத்தை வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்து நீட்டினாள்.

கோயமுத்தூரில் ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையம். முதல் ஆலோசனை இலவசம்.

அதன் கீழே, தத்தெடுக்க விரும்புவோருக்கு வழிகாட்டி.

இரண்டும் இவள் தேடியவை. தத்தெடுப்பதைப் பற்றிப் புருஷனிடம்கூட அவள் வாய் திறந்ததில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில், ஆளில்லாத நேரம் பார்த்துத் தேடியது. தேடிவிட்டு அழித்தும்விட்டாள். பாழாய்ப்போன வைஃபை அங்கேயும் எட்டியிருக்கிறது.

"நான் வந்த நாள்லயிருந்தே உங்களுது எனக்கு வந்துட்டுத்தானுங்க அக்கா இருக்குது" என்றாள் தாரணி. "ஆருகிட்டயும் சொல்லுலீங்க. அவருகிட்டக்கூட."

போன தையிலிருந்து. அதற்குள் எத்தனை விருந்து, எத்தனை பேர் வந்து 'விசேஷம் உண்டா' என்று இவளைக் கேட்டுவிட்டுப் போனார்கள்! அப்போதெல்லாம் இந்தப் பெண் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு நாளும் வாய் தவறியதில்லை.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க அத்தை" என்றாள் மறுபடி. குரல் இன்னும் இறங்கியிருந்தது. "எனக்கு மனசு கேக்குலீங்க. நான் தேடுனா உங்களுக்கு வருமுன்னு தெரியுமுங்க."

இவள் தொட்டிலைப் பார்த்தாள். குருவிகள் ஆடின.

எரிச்சல் போய்விட்டதா என்றால், இல்லை. கண் தானாகவே தாரணியின் வயிற்றுக்குப் போனது. அவளே அதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

கூடத்திலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். "என்னமோ காட்டறேன்னியே, என்ன புள்ள?"

தாரணி இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவள் போனை இடுப்பில் செருகினாள்.

"மூட்டுத் தைலமுங்க அண்ணி. உங்கம்மா தேடுனது, இன்னும் எனக்கு வந்துட்டே இருக்குது."